கேரவன் பிரேக் பிடிக்கவில்லையா? கோளாறு காரிலா, கேரவனிலா என்று முதலில் பாருங்கள்

செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குலைகளை ஏற்றிய டிரெய்லரோடு டிராக்டர் மேட்டிலிருந்து இறங்கும்போது, பின்னால் உள்ள பாரம் முன்னால் போகும் வண்டியைத் தள்ளும். அனுபவமுள்ள ஓட்டுநர் கியரைக் குறைத்து, மெதுவாகத்தான் இறக்குவார். அவசரமாகப் பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் பக்கவாட்டில் திரும்பி, டிராக்டரையும் சேர்த்துப் புரட்டிவிடலாம்.

காருக்குப் பின்னால் கேரவனை இழுத்துச் செல்பவர்களுக்கும் அதே ஆபத்து உண்டு. ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளோ உறவினர்களோ இருக்கும் குடும்பங்கள் விடுமுறைக்கு அங்குப் போகும்போது, கேரவன் பயணம் ஓர் ஆசையாக இருக்கும். அங்கும் நம் நாட்டைப் போல இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். அதனால் ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் பலருக்குத் தயக்கம் இருக்காது. ஆனால், கேரவனுக்குத் தனி பிரேக் உண்டு என்பதும், அது பெரும்பாலும் மின்சாரத்தில் இயங்குகிறது என்பதும் புதிதாக இருக்கலாம்.

ஆஸ்திரேலிய விதிப்படி, கேரவனின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் இருக்க வேண்டும். அதோடு, கேரவன் காரை விட்டுப் பிரிந்துவிட்டால் பிரேக் தானாகவே பிடித்து, குறைந்தது 15 நிமிடம் விடாமல் இருக்க வேண்டும்.

எப்படி வேலை செய்கிறது?

கேரவன் சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. கார் ஓட்டுபவர் பிரேக்கை மிதித்ததும், காரில் பொருத்தியுள்ள கன்ட்ரோலர் அந்தக் காந்தத்துக்கு மின்சாரம் அனுப்பும். காந்தம் சுழலும் டிரம்மில் ஒட்டிக்கொண்டு, ஒரு நெம்புகோலை இழுக்கும். நெம்புகோல் பிரேக் ஷூக்களை டிரம்மோடு அழுத்தும். மின்சாரம் கூடினால் பிடி கூடும், குறைந்தால் பிடியும் குறையும்.

எனவே, பிரேக் பிடிக்கவில்லை என்றதும் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. மின்சாரம் காந்தம் வரை போய்ச் சேருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. பல நேரங்களில் கோளாறு பிளக்கிலோ வயரிலோ இருக்கும்.

எந்தப் பாதியில் கோளாறு?

கன்ட்ரோலரில் கையால் இயக்கும் ஒரு பொத்தான் அல்லது நெம்பு இருக்கும். ஆளில்லாத சமதளத்தில், மணிக்கு 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் கார் பிரேக்கைத் தொடாமல் அதை மட்டும் இயக்க வேண்டும். கேரவன் பின்னால் பிடித்து இழுப்பது தெரிந்தால் காந்தங்களுக்கு மின்சாரம் போகிறது. பொத்தானுக்குப் பிடித்து, கால் பிரேக்குக்குப் பிடிக்கவில்லை என்றால், கார் பிரேக் விளக்கின் சுவிட்சிலிருந்து கன்ட்ரோலருக்கு வரும் வயரைப் பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் பிடிக்கவில்லை என்றால் அடுத்த சோதனை. கேரவன் பிரிந்தால் பிரேக் போடுவதற்கென்று அதன் முன்புறத்தில் ஒரு சிறு கம்பியோடு இணைந்த பின் இருக்கும். முதலில் காரின் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் கன்ட்ரோலர் பழுதாகலாம். பிறகு கேரவனின் ஒரு சக்கரத்தை ஜேக் வைத்துப் பத்திரமாகத் தூக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தூக்கிய சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றிவிட்டு அந்தப் பின்னை இழுக்க வேண்டும். சக்கரம் நின்றால் அந்தப் பக்கத்துக் காந்தமும் வயரும் சரி. கோளாறு காரிலோ பிளக்கிலோ இருக்கிறது. நிற்கவில்லை என்றால் கேரவனின் சிறு பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்த பிறகு, கேரவன் வயர்களைச் சோதிக்கலாம்.

பிளக்கும் எர்த் வயரும்

ஆஸ்திரேலியாவின் ஏழு முனை பிளக்கில் நீல வயர் பிரேக்குக்கு, வெள்ளை வயர் எர்த்துக்கு. முனைகளில் பச்சை பூத்திருந்தாலோ தளர்ந்திருந்தாலோ மின்சாரம் சரியாகப் போகாது. சுத்தம் செய்து இறுக்கினாலே பிரேக் திரும்பி வருவதுண்டு.

பிரேக்கை மிதிக்கும்போது கேரவனின் மற்ற விளக்குகள் மங்கினாலோ, சம்பந்தமில்லாத விளக்கு எரிந்தாலோ எர்த் வயரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மேடு பள்ளத்தில் மட்டும் பிரேக் விட்டு விட்டுப் பிடித்தால், அச்சுக் குழாய்க்குள் போகும் வயர் உரசித் தேய்ந்திருக்கலாம்.

மல்டிமீட்டர் கையில் இருந்தால் கணக்கு எளிது. பொதுவாக 10 அங்குல, 12 அங்குல பிரேக்குகளில் ஒரு காந்தத்தின் மின்தடை 4 ஓம் அளவில் இருக்கும். 12 வோல்ட்டில் அது சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். இரண்டு சக்கர பிரேக் என்றால் 6, நான்கு என்றால் 12 ஆம்பியர். நான்கு சக்கரத்தில் 9 ஆம்பியர்தான் ஓடுகிறது என்றால் ஒரு காந்தத்துக்கு மின்சாரம் போகவில்லை என்று பொருள். மின்தடை பூஜ்யத்தை நெருங்கினால் ஷார்ட், அளவே காட்டவில்லை என்றால் காந்தத்தின் சுருளோ வயரோ அறுந்திருக்கிறது.

அறிகுறி சொல்லும் காரணம்

மின்சாரம் சரியாக இருந்தும் பிடி குறைவு என்றால் ஷூ தேய்ந்திருக்கலாம், அல்லது டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். புதிய ஷூ போட்ட முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் இந்த இடைவெளியை மீண்டும் சரிசெய்ய வேண்டும்.

ஒரு பக்கம் இழுத்தால், பேரிங் சீல் கசிந்து ஷூவில் கிரீஸ் பட்டிருக்கலாம். கிரீஸ் ஊறிய ஷூவைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அதே அச்சின் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றினால்தான் பிடி சமமாக இருக்கும்.

லேசாகத் தொட்டாலே சக்கரம் பூட்டிக்கொண்டால் கன்ட்ரோலரின் அளவைக் குறைக்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 100 கிலோ கூடும். ஆகவே, பாரம் மாறும்போதெல்லாம் இந்த அளவையும் மாற்ற வேண்டும். பயணத்துக்குப் பின் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால், அங்கே பிரேக் விடாமல் உரசுகிறது, அல்லது பேரிங் கெட்டிருக்கிறது.

செய்யக்கூடாதவை

பிரிவுப் பின்னின் கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியோடு சேர்த்து மாட்டக்கூடாது. அதைக் காரில் தனியாக இணைக்க வேண்டும். அந்தப் பின்னை நிறுத்தும் பிரேக்காகப் பயன்படுத்தினால் பேட்டரி இறங்கிவிடும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதுவதும் கூடாது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்.

வாடகைக்கு எடுத்த கேரவன் என்றால் எதையும் கழற்றாமல் வாடகை நிறுவனத்தை அழைப்பதே முறை. பாதி வழியில் பிரேக் போய்விட்டால், கியரைக் குறைத்து, மெதுவாக ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். அடுத்த ஊர் வரை சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. சமதளத்தில் கார் பிரேக் மட்டும் போதும் என்று தோன்றலாம். மலை இறக்கத்தில் அந்தப் பாரம் முழுவதையும் கார் பிரேக்கே தாங்க வேண்டும். சூடேறிய பிரேக்கின் பிடி குறைந்துகொண்டே போகும்.

புறப்படும் முன் பிளக், எர்த், பிரிவுப் பின், பொத்தான் சோதனை ஆகிய நான்கையும் பார்க்க அதிக நேரம் ஆகாது. பிள்ளைகளைக் காரில் ஏற்றுவதற்கு முன்பே அதை முடித்துவிடுவது நல்லது.