குற்றவாளி வன்தட்டு மட்டும்தானா?

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவிலோ சிங்கப்பூர் சிம் லிம் சதுக்கத்திலோ பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் பரப்பி வைத்துச் சொந்தமாகக் கணினி உருவாக்குவது இளைஞர்கள் பலருக்கும் தனி மகிழ்ச்சி. தேவைக்கு ஏற்ற பாகங்களைத் தேர்ந்தெடுக்கலாம். தன் கையால் செய்தோம் என்ற மனநிறைவும் கிடைக்கும்.

ஆனால் கடையில் முழுமையாக வாங்கிய கணினிக்கு ஒரே உத்தரவாதச் சீட்டு. சொந்தமாகப் பொருத்திய கணினிக்கோ ஒவ்வொரு பாகத்திற்கும் ஒரு சீட்டு. ஏதாவது கோளாறு என்றால், எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிப்பதும் பொருத்தியவரின் பொறுப்பாகிவிடுகிறது. அதில் மிகவும் குழப்பம் தரும் கோளாறு, வன்தட்டில் உள்ள கோப்புகள் சிதைந்து போவதுதான்.

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். மகன் உருவாக்கிய கணினி மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு அவ்வப்போது நீலத்திரை தோன்றியது. அக்காவின் திருமணப் படங்கள் மேல்பாதி சரியாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் வந்தன. மறைந்த பாட்டி தாலாட்டுப் பாடிய காணொளி பாதியிலேயே நின்றது.

"தம்பி, பாட்டி பாடினது வேற எங்கேயும் இல்லையாப்பா?" என்று அம்மா கேட்டபோது மகனிடம் பதில் இல்லை.

அவர் விண்டோஸை மீண்டும் நிறுவினார். இரண்டு வாரம் தாங்கியது. பழைய வன்தட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியது வாங்கினார். ஒரு மாதத்தில் அதிலும் அதே கதை. இரண்டு வன்தட்டுகள் அடுத்தடுத்து ஒரே மாதிரி கெடுமா? அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் பணமும் மிச்சமாகியிருக்கும், மன உளைச்சலும் குறைந்திருக்கும்.

கோப்பு போகும் வழி

கேமராவில் இருக்கும் ஒரு படம் நேராக வன்தட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுவதில்லை. முதலில் அது ரேம் எனப்படும் நினைவகத்திற்கு வருகிறது. அங்கிருந்து தாய்ப்பலகையின் சில்லுகள் வழியாகவும் சாட்டா கம்பி வழியாகவும் வன்தட்டைச் சென்றடைகிறது. இவை அனைத்திற்கும் மின்சாரம் தருவது பவர் சப்ளை. இந்த வழியில் எந்த இடத்தில் பழுது இருந்தாலும் கோப்பு சிதையலாம்.

வன்தட்டு தான் எழுதும் ஒவ்வொரு பகுதியுடனும் பிழை திருத்தும் குறியீடு ஒன்றையும் சேர்த்து எழுதுகிறது. படிக்கும்போது அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்கிறது. ஆனால் தகவல் ரேமில் இருக்கும்போதே மாறிவிட்டால், வன்தட்டு அந்தத் தவறான தகவலுக்கே சரியான குறியீட்டை எழுதிவிடும். தட்டச்சர் பிழையாக அடித்த கடிதத்தைத் தபால்காரர் கசங்காமல் கொண்டுவந்து சேர்ப்பது போன்றது இது. தபால்காரரை மாற்றிப் பயனில்லை.

வன்தட்டின் மீது தவறே இல்லாமல் தகவல் அழிந்ததற்குப் பழைய சான்றும் உண்டு. 2001-ல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் பதிப்பு, 137 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட வன்தட்டுகளை முறையாகக் கையாளவில்லை. பெரிய வன்தட்டைப் பொருத்தியவர்கள் சிலர் அந்த எல்லையைத் தாண்டி எழுதியபோது கோப்புகளை இழந்தார்கள். 2002-ல் வந்த முதல் சர்வீஸ் பேக் இதைச் சரிசெய்தது.

முதலில் காப்பாற்ற வேண்டும்

கோப்புகள் சிதைவது தெரிந்தவுடன் பலரும் செய்வது, விண்டோஸில் உள்ள செக்டிஸ்க் கருவியைத் திருத்தும் கட்டளையுடன் ஓட்டுவது. இது ஆபத்தில் முடியலாம். நினைவகம் கெட்டிருந்தால் திருத்தும் கருவியும் தவறான தகவலை நம்பியே திருத்தும். மிச்சம் இருப்பதும் போய்விடக்கூடும்.

அந்த வன்தட்டில் புதிதாக எதையும் எழுதாமல் கணினியை நிறுத்துவதே முதல் வேலை. பிறகு வன்தட்டைக் கழற்றி, நன்றாக இயங்கும் வேறொரு கணினியில் சாட்டா-யுஎஸ்பி இணைப்பி மூலம் மாட்ட வேண்டும். "இதை ஃபார்மேட் செய்ய வேண்டுமா?" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். திரும்பக் கிடைக்காத படங்களையும் ஆவணங்களையும் முதலில் நகலெடுத்துவிட்டு, மீண்டும் பதிவிறக்கக்கூடிய திரைப்படம், விளையாட்டு போன்றவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

வன்தட்டிலிருந்து டக் டக் என்ற ஓசை வந்தால், எந்தச் சோதனையும் செய்யாமல் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். உள்ளே படிக்கும் முனை, தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. அது பழுதான நிலையில் தொடர்ந்து ஓட்டினால் தட்டின் மேற்பரப்பே தேய்ந்துவிடும். தகவல் முக்கியமானது என்றால் தகவல் மீட்பு நிபுணரிடம் கொடுப்பதுதான் வழி.

வன்தட்டே சொல்லும் சேதி

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். நான்கு வரிகளைக் கவனித்தால் போதும்.

05 என்ற வரி, கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள். சி6, சரிசெய்ய முடியாத பகுதிகள். இந்த எண்கள் நாளுக்கு நாள் கூடினால் வன்தட்டுதான் குற்றவாளி. அதை மாற்றிவிட வேண்டும்.

சி7 என்ற வரி வேறு கதை சொல்லும். அது வன்தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையில் தகவல் போகும்போது ஏற்பட்ட பிழைகளின் கணக்கு. மற்ற மூன்றும் பூஜ்யமாக இருந்து இது மட்டும் கூடிக்கொண்டே போனால், சில ரிங்கிட் விலையுள்ள சாட்டா கம்பியை முதலில் மாற்றிப் பார்க்கலாம். பழைய எண் அப்படியே இருக்கும், குறையாது. மேலும் கூடுகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகளில் இந்த வரிகள் இருக்காது. எவ்வளவு விழுக்காடு பயன்படுத்தப்பட்டுவிட்டது, எவ்வளவு மாற்று இடம் மீதம் உள்ளது, எத்தனை தகவல் பிழைகள் என்பவை அங்கே காட்டப்படும்.

நினைவகமும் மின்சாரமும்

வன்தட்டும் கம்பியும் குற்றமற்றவை என்றால் அடுத்த சந்தேகம் ரேம் மீது விழ வேண்டும். மெம்டெஸ்ட்86+ என்ற இலவசச் சோதனையை யுஎஸ்பி குச்சியில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி இரவு முழுவதும் ஓடவிடலாம். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது அதிகம்தான். நினைவகத்தில் ஒன்றிரண்டு பிழை பரவாயில்லை என்று விடக்கூடாது.

பிழை வந்தால் உடனே ரேமைக் குறை சொல்லிவிடவும் வேண்டாம். சொந்தமாகக் கணினி உருவாக்குவோர், வேகத்திற்காகப் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்கிவிடுவது வழக்கம். அந்த வேகத்தை எல்லாத் தாய்ப்பலகைகளும் செயலிகளும் தாங்குவதில்லை. அதை நிறுத்திவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். பிழை மறைந்தால் பணச்செலவில்லாமல் தீர்வு கிடைத்துவிட்டது. மறையவில்லை என்றால் ரேம் குச்சிகளை ஒவ்வொன்றாகத் தனியே மாட்டிச் சோதித்தால் கெட்டது எது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது மின்சாரம். மின்னல் அதிகம் தாக்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மாலை மழையின்போது விளக்கு ஒருமுறை மினுங்கி அடங்குவது பலருக்கும் பழகிப்போன காட்சி. எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் அந்தக் கோப்பு அரைகுறையாக நின்றுவிடும். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறை, கோப்புகளின் பட்டியலைக் காக்க நாட்குறிப்பு ஒன்றை வைத்திருக்கிறது. கோப்புக்குள் இருக்கும் தகவலுக்கு அது உத்தரவாதம் தராது. யுபிஎஸ் கருவி ஒன்று இருந்தால் கணினியை முறையாக நிறுத்த அவகாசம் கிடைக்கும். மலிவான பவர் சப்ளையும் சந்தேகத்திற்கு உரியதே. இரவல் கிடைத்தால் வேறொன்றை மாட்டிப் பார்க்கலாம்.

இந்தச் சோதனைகள் அனைத்திற்கும் ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கம்பியையும் ரேமையும் சேர்த்து மாற்றினால், கோளாறு தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. காரணம் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்ட பிறகே செக்டிஸ்க்கை ஓட்டவோ விண்டோஸை மீண்டும் நிறுவவோ வேண்டும்.

பாட்டியின் தாலாட்டு

மேலே சொன்ன வீட்டில் கெட்டிருந்தது ஒரு ரேம் குச்சி. ஒதுக்கி வைத்த பழைய வன்தட்டை, மகன் நண்பரின் கணினியில் மாட்டிப் பார்த்தார். பாட்டியின் காணொளி முழுமையாக ஓடியது. வன்தட்டில் அது சரியாகவே இருந்தது. படிக்கும்போதுதான் கெட்ட ரேம் அதைச் சிதைத்துக் காட்டியிருக்கிறது. கோபத்தில் அந்த வன்தட்டை ஃபார்மேட் செய்யாமல் விட்டது அந்தக் குடும்பத்தின் நல்ல காலம்.

திருமணப் படங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவை கெட்ட ரேம் வழியாக நகலெடுக்கப்பட்டவை. சிதைந்த நிலையிலேயே எழுதப்பட்டிருந்தன. கேமரா அட்டையையும் அன்றே அழித்துவிட்டார்கள். சாம்பல் நிறத்துக்குக் கீழே இருந்த முகங்கள் இனி வரப்போவதில்லை.

ஆகவே, நகலெடுத்த படங்களைத் திறந்து பார்க்காமல் மூல அட்டையை அழிக்கக்கூடாது. திரும்பக் கிடைக்காத கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும். அவற்றை இரண்டு வகைச் சாதனங்களில் வைத்து, ஒன்றை வீட்டுக்கு வெளியே, இணையச் சேமிப்பிலோ உறவினர் வீட்டிலோ வைத்திருப்பது நல்லது. கெட்டுப்போன வன்தட்டுக்குப் பதிலாகக் கடைக்காரர் வேறொன்று தருவார். அதில் இருந்த தாலாட்டை அவரால் தர முடியாது.