பழைய மோட்டார்ச் சைக்கிளைப் புதுக்குதல்

பழம்பொருளைப் புதுக்குதல் வேறு, புதியதாக்குதல் வேறு. வீட்டிற் பழைய மோட்டார்ச் சைக்கிளைத் திருத்த முற்படுவோர் இதனை முதற்கண் உணர்தல் வேண்டும். பி. எஸ். ஏ. பான்ரம் என்னும் வண்டி இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

இவ்வண்டி 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் ஆக்கப்பட்டது. இதன் மூலம் ஜேர்மனியின் டி. கே. டபிள்யூ. ஆர். ரி. 125 என்பதாம். இரண்டாம் உலகப் போரின்பின் இழப்பீடாகப் பெற்ற அவ்வடிவத்தை, ஆடியிற் காணும் உருவம்போல இடவலம் மாற்றி அமைத்தனர். முதல் வண்டியின் எஞ்சின் 123 கன சதமமீற்றர் அளவினது. நிறம் வெளிறிய பச்சை.

ஈரடிப்பு எஞ்சினிற் பெற்றோலும் காற்றும் கலந்த கலவை முதலிற் கிராங்கறையினுட் புகுந்து, கீழிறங்கும் பிஸ்ரனால் அமுக்குண்டு உருளைக்குச் செல்லும். ஆதலின் அவ்வறையிற் காற்றுக் கசிதல் ஆகாது. தண்டின் இருமருங்குமுள்ள ஒயில் சீல்கள் நெடுங்காலம் ஓடாது கிடப்பின் உலர்ந்து வெடிக்கும். அவ்வழியே வெளிக்காற்றுப் புகின் கலவையிற் பெற்றோல் குறையும்; அதனோடு கலந்துவரும் எண்ணெயும் குறையும். வெப்பம் மிகுந்து பிஸ்ரன் உருளையோடு இறுகிவிடும். புறத்தே பளபளக்கும் வண்டி பாதிவழியில் நின்றுவிடுதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

எனவே, எஞ்சினைச் செப்பஞ் செய்தபின்னரே பூச்சிற் கைவைத்தல் முறை. அப்பொழுதும் துருவை அராவுங்கால் சட்டத்திற் பொறித்த இலக்கத்தைச் சிதைத்தலாகாது. பெற்றோற்றாங்கியின் அடியில் எஞ்சியுள்ள பழைய நிறத்தைச் சுரண்டுமுன் குறித்துக்கொள்ளல் வேண்டும். தேய்ந்த உறுப்புக்கு வேறோர் உறுப்புக் கிடைக்கலாம். அழிந்த சான்று மீளாது.