விபத்தினால் ஏற்படும் தீங்கும் நட்டஈட்டு உரிமையும்

2021 நவம்பர் 23 ஆம் திகதி காலை, திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகொன்று கவிழ்ந்தது. அங்கு புதிய பாலம் நிர்மாணிக்கப்பட்டு வந்தமையால் பாடசாலை மாணவரும் ஏனையோரும் படகிலேயே களப்பைக் கடந்து வந்தனர். அன்றைய தினமே ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சிறுவர்களும் அடங்குவர். (2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பெரிய பாலம் வேறு, இது வேறு.)

இத்தகைய விபத்தொன்றின் பின்னர் சட்டம் இரு வழிகளில் செயற்படுகின்றது. மாணவர் பெரும்பாலும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுவே. கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் குற்றமாகும். எனவே அரசு வழக்குத் தொடரும். குற்றம் நியாயமான சந்தேகத்திற்கு அப்பால் நிரூபிக்கப்படல் வேண்டும். இதன் முதன்மை நோக்கம் தண்டனையாகும். பொலிசில் முறைப்பாடு செய்ததும் நட்டஈடு தானாகக் கிடைத்துவிடும் என்பது தவறான எண்ணம். முழுமையான நட்டஈட்டைப் பெறப் பாதிக்கப்பட்டவரே மாவட்ட நீதிமன்றில் குடியியல் வழக்குத் தொடர வேண்டும்.

இலங்கையில் இவ்வழக்கு உரோமன் டச்சுச் சட்டத்தின் அடிப்படையில் அமைந்தது. எதிராளி கவனயீனமாக நடந்தார், அதனாலேயே தீங்கு நேர்ந்தது, அத்தீங்கினால் இழப்பு ஏற்பட்டது என்பன காட்டப்படல் வேண்டும். இங்கு சந்தேகத்திற்கு அப்பால் நிரூபிக்கத் தேவையில்லை. உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் எனக் காட்டினால் போதுமானது.

ஒரு குழந்தை இறந்தால் அதன் பெற்றோருக்கு ஏற்பட்ட "இழப்பு" யாது? உரோமன் டச்சுச் சட்டம் மரணத்தின்போது பண இழப்பையே கணக்கிட்டது. உழைக்கும் தந்தை இறந்தால் அவரது வருமானத்தைக் கணக்கிடலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு வருமானம் ஏது? குழந்தையொன்றின் மரணம் தொடர்பாகத் தந்தை தொடுத்த பிரியானி சொய்சா எதிர் ஆர்சகுலரத்ன வழக்கில், 2001 இல் உயர் நீதிமன்றம், பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்தமைக்கு இச்சட்டத்தின் கீழ் நட்டஈடு கோர முடியாது எனத் தீர்ப்பளித்தது. அத்துடன், கவனயீனமே மரணத்திற்குக் காரணம் என்பதும் நிரூபிக்கப்படவில்லை என்றது. சட்டத்தின்படி சரியாக இருந்தாலும் கேட்போர் மனதை உறுத்தும் நிலை இது. 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் இதனை மாற்றி, தவறான செயலால் ஒருவர் இறந்தால் அவரது அன்பு, பராமரிப்பு, துணை ஆகியவற்றை இழந்த நெருங்கிய உறவினரும் நட்டஈடு கோர வழிசெய்தது. குறிஞ்சாக்கேணி விபத்து நிகழ்ந்தபோது இச்சட்டம் நடைமுறையில் இருந்தது.

காலம் தவறினால் உரிமையும் தவறிவிடும். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, தீங்கிற்கான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். ஆயினும் காயமடைந்தவர் 18 வயதிற்குக் குறைந்தவராயின், அவர் அவ்வயதை அடையும்வரை இக்காலம் கணிக்கப்படுவதில்லை. அரச நிர்வாகத்தின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டிருப்பின், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்திற்குள் உயர் நீதிமன்றுக்கு மனுச் செய்யலாம்.

துறைமுகத்திலோ ஆலையிலோ வேலை செய்கையில் காயமடைந்த தொழிலாளிக்கு வேறொரு வழியும் உண்டு. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின் கீழ், தொழில்தருநரின் கவனயீனத்தை அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்தமை போதும். 2022 திருத்தத்தின்படி, வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் இதில் அடங்கும். வழக்குச் செலவைத் தாங்க முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.