நான்கு சுவருக்குள் ஓர் ஆடரங்கு

மருதானை என்றதும் பலருக்குப் புகையிரத நிலையமே முதலில் நினைவுக்கு வரும். ஆயினும், கலையன்பர் உள்ளத்தில் அப்பெயர் வேறோர் எண்ணத்தை எழுப்புவதாகும். 1911ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற டவர் மண்டபமும், 1925இல் எழுந்த எல்பின்ஸ்டன் அரங்கும் அங்கேதான் உள்ளன. நாடகமும் இசையும் திரைப்படமும் காணத் தலைமுறை தலைமுறையாக மக்கள் திரண்ட இடம் அது. அத்தகைய இடத்தில் அரங்குகள் கதவடைத்து, வீதிகள் வெறிச்சோடிக் கிடந்த காலமொன்றையும் நாம் கண்டோம்.

2020 மார்ச் 20ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பெற்றது. கொழும்பு மாவட்டத்தில் அது தளர்வதற்கு மே 26 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒக்டோபர் இறுதியில் மேல் மாகாணம் மீண்டும் முடங்கிற்று. நடன வகுப்புகள் நின்றன. சலங்கைகள் பெட்டிக்குள் உறங்கின. பல ஆண்டு உழைத்து அரங்கேற்றத்தை எதிர்நோக்கியிருந்த பிள்ளைகளின் ஏக்கத்தைப் பெற்றோர் நன்கறிவர்.

அந்நாட்களில் உலகின் பல நகரங்களிலும் கலைஞர் கைக்கொண்ட வழி ஒன்றுண்டு. தத்தம் வீட்டிலிருந்தே ஆடி, அதனைப் பதிவு செய்து, சிறு நடனப் படமாக்குவதே அவ்வழி. 2020 ஏப்ரலில் பாரிஸ் ஒப்பெரா நடனக் குழுவினர் தம் வீட்டுச் சமையலறையிலும் கூடத்திலும் ஆடியவற்றைச் செட்ரிக் கிளாபிஷ் என்னும் இயக்குநர் ஒரே படமாகத் தொகுத்தார். மருத்துவப் பணியாளர்க்கு நன்றி கூறும் படம் அது. அவ்வாண்டு யூலையில், கோரி பேக்கர் என்பார், பல நாடுகளிலுமுள்ள 27 கலைஞரைத் தத்தம் குளியற்றொட்டியிலேயே ஆடச்செய்து, 'அன்னத் தடாகம்' என்னும் புகழ்பெற்ற நடனத்திற்குப் புதுக்கோலம் புனைந்தார். சென்னையில் அனிதா ரத்னத்தின் 'நர்த்தகி' இணையத்தளம், சிறிய இடத்துள் ஆடப்பெற்ற குறும்படங்களைத் தொடராக வெளியிட்டது.

நடனத்தைப் படமாக்குதல் நம்மவர்க்குப் புதிதன்று. உதயசங்கரின் 'கல்பனா' சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவாகி 1948இல் வெளிவந்தது. அதற்கும் முன்னர், 1945இல், அமெரிக்காவில் மாயா டெரன் என்னும் பெண்மணி ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும் படமொன்றை எடுத்தார். அதிலே கானகத்தில் தூக்கிய காலை நடனக் கலைஞர் வீட்டின் அறையொன்றில் ஊன்றுவார்! இருவேறு இடங்கள் ஒரே அசைவால் இணைந்துவிடுகின்றன. ஒருவரை ஒருவர் நெருங்கலாகாது என்ற காலத்தில், பிரிந்திருந்த கலைஞரை ஒன்றுசேர்த்தது இந்த உத்தியே.

இனி, மருதானையின் சிறு வீடொன்றில் பரதநாட்டியப் படம் எடுக்க முனைவோர் எதிர்கொள்ள வேண்டியவை எவை என நோக்குவோம். முதலாவது, தாளம். இணையவழி வகுப்பில் ஆசிரியரின் தட்டுக்கழி ஓசை கணநேரம் பிந்தியே மாணவியைச் சேரும். முதற்காலத்தில் ஒருவாறு சமாளிக்கலாம். மூன்றாங் காலத்திலோ அடவும் சொற்கட்டும் வெவ்வேறு வழி சென்றுவிடும். பலர் ஒரே வேளையில் ஆடுவதாயின் குழப்பம் சொல்லுந்தரமன்று. ஆகையால், பாட்டையும் நட்டுவாங்கத்தையும் முன்னரே ஒலிப்பதிவு செய்து எல்லோர்க்கும் அனுப்புதல் வேண்டும். ஒவ்வொருவரும் அதனைக் கேட்டு ஆடித் தனித்தனியே படம் பிடிப்பர். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால், தொகுப்பவர் அவ்வோசையைக் கொண்டு எல்லாப் படங்களையும் ஒரே தாளத்தில் நிறுத்தலாம்.

இரண்டாவது, இடம். குறுகிய அறையில் கைத்தொலைபேசியை அண்மையில் வைத்தால் பாதம் மறையும். தொலைவில் வைக்கவோ சுவர் விடாது. கமராவை இடுப்பின் உயரத்தில், அறையின் மூலையில் நிறுத்தினால் அரைமண்டியும் முகமும் ஒருங்கே அடங்கும். யன்னலைப் பின்னே வைத்து ஆடினால் முகம் இருண்டுவிடும். வெளிச்சம் முன்னிருந்து வருதல் நன்று. மாடிவீடாயின் கீழ்வீட்டாரின் பொறுமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தனை இடையூறுகளுக்கு நடுவிலும் இதனால் விளையும் நன்மை சிறிதன்று. அரங்கின் கடைசி வரிசையில் இருப்போர்க்குக் கண்ணசைவு தெரிவதில்லை. கமராவோ முகத்தருகே சென்று அபிநயத்தின் நுண்மையைக் காட்டுகின்றது. முகக்கவசத்தால் வீதியெங்கும் முகங்கள் மறைந்திருந்த காலத்தில், ஒரு பிள்ளையின் முகபாவம் திரையில் மலரக் காண்பது எத்துணை ஆறுதல்!

எனினும், படத்தையே பயிற்சியென மயங்குதல் கூடாது. பிழை நேர்ந்தால் மீண்டும் எடுக்கலாம் என்ற எண்ணம் உடலின் ஒழுங்கைத் தளர்த்திவிடும். அரங்கிலோ மறுமுறை என்பதில்லை. ஆசிரியர் மாணவியின் முழங்காலையும் தோளையும் நேர்நின்று திருத்தும் கல்விக்குத் திரை ஈடாகாது. மேலும், வீட்டிற்கு ஒரே கைத்தொலைபேசி, அதிலும் அண்ணனுக்குப் பாடம், தங்கைக்குப் பாடம் என்றிருந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இவ்வாய்ப்பு எளிதில் வாய்த்ததா? கூடத்தின் பரப்பும் தந்தையின் வருமானமுமே கலையின் எல்லையை வரையறுப்பின், அது சமுதாயத்தின் குறையேயன்றிப் பிள்ளைகளின் குறையன்று.

ஊரடங்கு நீங்கி அரங்குகள் மீண்டும் திறந்துவிட்டன. ஆயினும், அக்காலத்துப் படங்கள் பல வீடுகளில் இன்றும் இருக்கும். பெற்றோரே, அவற்றை அழித்துவிடாதீர்! மாணவரே, அவற்றை ஆசிரியரோடு அமர்ந்து பாருங்கள். குறைகளைக் குறித்துக்கொண்டு மீண்டும் ஆடுங்கள். இடவசதியற்ற பிள்ளைகட்குப் பாடசாலை மண்டபங்களை மாலையில் திறந்துவிடுதல் நம்மால் ஆகக்கூடிய காரியமே. இடரில் கற்ற பாடத்தை இடர் தீர்ந்தபின் மறவாதிருப்பதன்றோ கல்வியின் பயன்!