டயர்க் கரிக்குச் சிரட்டைக் கரியின் விலை கிடைக்குமா?

காத்தான்குடியில் டயர்க் கடை நடத்தும் என் சாச்சாவின் மகன் போன மாதம் ஓர் இயந்திர விளம்பரப் புத்தகத்தோடு வந்தான். "நானா, பழைய டயர் சும்மா கெடக்கு. எரிச்சு எக்டிவேட்டட் காபன் செஞ்சா ஏற்றுமதி பண்ணலாமாம். வளவ விக்கப் போறன்" என்றான். விற்க முன் கணக்கைப் பார்ப்போம் என்று உட்கார வைத்தேன். அவனுக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், டயரை எரிப்பதில்லை. காற்றுப் புகாத கொள்கலனில் 400 முதல் 600 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். எண்ணெயும் வாயுவும் பிரிந்து போக, கரியும் கம்பியும் மிஞ்சும். 1000 கிலோ டயரில் கரி சுமார் 350 கிலோ. அந்த வாயுவையே அடுப்புக்கு எரிபொருளாக்கலாம் என்பது உண்மைதான். புத்தகத்தின் கணக்கு இத்தோடு நின்றுவிடுகிறது.

ஆனால் இது இன்னும் செயலூட்டிய கரியல்ல. நீரைச் சுத்திகரிக்கும் வேலை முழுவதும் கரியின் நுண்துளைகளில்தான் நடக்கிறது. நல்ல செயலூட்டிய சிரட்டைக் கரியின் ஒரு கிராமுக்குள் சுமார் 1000 சதுர மீற்றர் பரப்பு மறைந்திருக்கும். கொள்கலனிலிருந்து எடுத்த டயர்க் கரியில் அது பெரும்பாலும் 100ஐத் தாண்டாது. துளை உண்டாக்க 900 பாகையளவில் நீராவி செலுத்த வேண்டும். நீராவியோ கரியைத் தின்றுதான் துளை போடும். பாதியளவு போய்விட்டால் 350 கிலோ 175 ஆகிவிடும். அதற்கு வேறு உலை, வேறு செலவு.

அடுத்தது சாம்பல். டயரில் சேர்த்த நாக ஒட்சைட்டும் சிலிக்காவும் கரியிலேயே தங்கும். கந்தகமும் கொஞ்சம் இருக்கும். அமிலத்தால் கழுவலாம். கழுவிய நீரை எங்கே விடுவது? குடிநீர் வடிகட்டிக்கு இதை வாங்குவோர் கிடைப்பது கடினம். சாயக் கழிவுநீருக்கு ஒத்துவரும். இதன் துளைகள் சற்றுப் பெரியவை, சாயத்தின் பெரிய மூலக்கூறுகளும் நுழையும். என்றாலும் சிரட்டைக் கரியை உலகுக்கே அனுப்பும் நாட்டிலிருந்து, அதே விலையை டயருக்குக் கேட்க முடியுமா?

டயரைக் குவித்து வைப்பதும் தீர்வல்ல. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். மழைநீர் தேங்கிய டயர் அந்த நுளம்புக்கு நல்ல வீடு. ஆகவே தொழில் வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. வரவை எண்ணெயிலும் கம்பியிலும் கணக்கிடு, கரியைச் சாதாரணக் கரியாகவே எழுது, மத்திய சுற்றாடல் அதிகார சபையில் அனுமதி நிபந்தனைகளை முதலில் விசாரி என்றேன்.

விற்பனையாளரிடம் 10 கிலோ மாதிரிக் கரி கேட்டிருக்கிறான். அதன் சாம்பல் வீதமும் அயடின் எண்ணும் பரிசோதித்து வரும்வரை வளவுக்கு விலை பேசுவதில்லை என்று ஒத்துக்கொண்டான்.