அமைப்பியலின் குறைபாடுகள்

மொழி என்பது சொற்களின் குவியல் அன்று. அஃது ஓர் அமைப்பு. இந்த ஒரு கருத்திலிருந்து கிளைத்ததே ‘அமைப்பியல்’ என்னும் கொள்கை. மொழியோடு நில்லாமல் உறவுமுறை, கதை, உணவு, உடை என்று பண்பாட்டுக் கூறுகள் அனைத்தையும் பற்றிப் பேசத் துணிந்த கொள்கை இது. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ என்னும் நூல் வழியாகத் தமிழ் வாசகர் பலர் இதனை அறிந்தனர். நம் மன்றத்திலும் இதன் பெயரைக் கேட்டவர் பலர் உளர். இதன் பெருமையைக் கூறுவோர் பலராதலின், நான் இதன் குறைகளைச் சொல்ல விரும்புகிறேன். ஆனால் ஒரு கொள்கையின் குறையைச் சொல்லுமுன் அதன் வலிமையைச் சொல்லிவிடுவதே முறை.

ஹவுராவில் வாழும் நமக்கு ‘அமைப்பு’ என்றதும் நினைவுக்கு வருவது நம் பாலந்தான். 1943இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்திலிருந்து ஓர் இரும்புச் சட்டத்தைத் தனியே எடுத்துப் பார்த்தால் அதற்குப் பொருள் ஒன்றும் இல்லை. மற்றச் சட்டங்களோடு அது கொண்டுள்ள தொடர்பே அதன் பயன். சொல்லும் அத்தகையதே என்றார் ஜெனீவாவில் மொழிநூல் கற்பித்த சசூர். 1913இல் அவர் மறைந்த பின், மாணவர் குறிப்புகளைக் கொண்டு அவருடைய விரிவுரைகள் 1916இல் நூலாக்கப்பட்டன. ஒரு சொல்லின் மதிப்பு அதன் பக்கத்துச் சொற்களால் அமைவது என்பது அந்நூலின் உயிரான கருத்து.

இதனை விளக்க ‘மாமா’ என்ற ஒரு சொல் போதும். வங்காளியரும் ‘மாமா’ என்கின்றனர். நாமும் ‘மாமா’ என்கிறோம். இருவர்க்கும் தாயுடன் பிறந்தவர் மாமா. ஆனால் அவர்களுக்கு அத்தையின் கணவர் ‘பிசேமசாய்’. மனைவியின் தந்தை ‘சொசுர்’. (நம் அறிஞர் பெயரோடு மயங்க வேண்டா!) நமக்கோ மூவரும் மாமாவே. ஒலி ஒன்று, மதிப்பு வேறு. வங்காளி நண்பர் ஒருவர் என்னிடம், “மாமா மகள் தங்கை அல்லளோ? அவளை எப்படி மணப்பீர்கள்?” என்று உண்மையாகவே திகைத்துக் கேட்டார். அவர் திகைப்புக்கு விடை சொல்லத் தனிச் சொல்லின் பொருள் போதாது. இரு மொழிகளின் உறவுச்சொல் அட்டவணை முழுவதையும் விரித்துக் காட்ட வேண்டும். அமைப்பியலின் வலிமை இங்கே விளங்கும்.

ஒலியிலும் அவ்வாறே. வங்காளத்தில் ‘நேற்று’, ‘நாளை’ இரண்டுக்கும் ஒரு சொல், கன்னத்துக்கு ஒரு சொல், வாய்க்காலுக்கு ஒரு சொல். மூன்றையும் தமிழெழுத்தில் எழுதினால் மூன்றும் ‘கால்’ என்றே நிற்கும்! அவர்கள் காதுக்கு அவை மூன்று வேறு ககரங்கள். புதிதாக வரும் நம்மவர் இடர்ப்படுவது இங்கேதான். ஆனால் நாமும் மூன்று ககரங்களை ஒலிக்காமல் இல்லை. ‘கல்’, ‘தங்கம்’, ‘மகன்’ என்று சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் ககரம் வேறு வேறாக ஒலிக்கும். நாம் அதனை உணர்வதில்லை. ஏனெனில் எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பது முன்பே உறுதியாகிவிட்டது. பொருளை வேறுபடுத்தும் வேலை அந்த வேறுபாட்டுக்கு இல்லை. ஆகவே நமக்கு ஓரெழுத்தே போதும். தமிழில் எழுத்துக் குறை என்று எள்ளுவோர்க்கு இதைவிட நல்ல விடை கிடைக்காது. எந்த மொழியும் தன்னளவில் நிறைவான அமைப்பே, உயர்ந்த மொழி தாழ்ந்த மொழி என்பது இல்லை என்று சொல்லும் துணிவை இக்கொள்கை நமக்குத் தந்தது.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்று விடுதிச் சமையற்காரர் சொன்னால் அடுப்பு எரியாது. ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்று வழக்கறிஞர் சொன்னால் வழக்கு முடிந்தது. எழுத்தில் இரண்டும் ஒன்று. பேச்சில் ககரம் வேறு. இங்கே ககரத்தின் வேறுபாடு பொருளை வேறுபடுத்துகிறது. பிழையைக் குறிக்கும் ‘பாவம்’, முகக்குறிப்பைக் குறிக்கும் ‘பாவம்’ என்னும் இரண்டும் அப்படியே. மேலே நான் காட்டிய அழகிய அட்டவணையில் இப்போது ஓட்டை விழுந்துவிட்டது. இதற்கு அமைப்பியலார் ஒரு வழி சொன்னார்கள். ஃபிரீஸ், பைக் என்னும் இரு அமெரிக்க அறிஞர் 1949இல், ஒரே மொழியில் இரண்டு ஒலியமைப்புகள் உடன் வாழலாம் என்று எழுதினர். இயல்பான சொற்களுக்கு ஒன்று, வந்த சொற்களுக்கு மற்றொன்று. நல்லது. ஆனால் ‘கேஸ்’ என்ற சொல்லைப் பேசும் பாட்டி அதனை வந்த சொல் என்று அறிவாரோ? அவர் வாயில் ஒரே மொழிதான் இருக்கிறது. வீட்டுக்குள் வந்துவிட்ட விருந்தாளிக்குக் கொல்லைப்புறத்தில் தனிக் குடிசை கட்டிக் கொடுத்தது போன்றது இந்தத் தீர்வு.

தொல்காப்பியர் இவ்விடத்தில் இன்னும் திறந்த மனத்தோடு நின்றார் என்றே எனக்குத் தோன்றுகிறது. எச்சவியலில் அவர் சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்து நான்கையும் செய்யுளுக்கு உரியனவாக ஏற்றார். திசைச்சொல் என்று ஒரு வகையை இலக்கணத்துக்குள்ளேயே வைத்தவர்க்கு மொழி மூடிய பெட்டியாகத் தோன்றியிராது. ஹவுரா என்று நம் இருப்பிடத்தை எழுதவே நமக்கு ‘ஹ’ வேண்டியிருக்கிறதே!

சசூரின் மற்றொரு கருத்து காலத்தைப் பற்றியது. மொழியைச் சதுரங்க ஆட்டத்தோடு ஒப்பிட்டார் அவர். ஆட்டத்தின் நடுவே வந்தவன் பலகையைப் பார்த்தாலே நிலைமை விளங்கும். முன்பு எந்தக் காய் எங்கிருந்து வந்தது என்று அறிய வேண்டுவதில்லை. எனவே மொழியின் இன்றைய நிலையை ஆராய்வது வேறு, அதன் வரலாற்றை ஆராய்வது வேறு என்று பிரித்தார். அந்த ஒப்புமை ஓரிடத்தில் பொருந்தாது என்றும் அவரே சொன்னார்: சதுரங்கத்தில் ஆடுபவன் எண்ணிக் காயை நகர்த்துகிறான், மொழியோ எதையும் எண்ணிச் செய்வதில்லை, அதன் மாற்றங்கள் தாமாக நிகழ்கின்றன என்றார்.

அவருடைய நூல் வந்த அதே 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். இது தற்செயலாக நேர்ந்தது எனினும் எண்ண எண்ண இன்பம் தருவது. மொழியில் எவரும் எண்ணிக் காய் நகர்த்துவதில்லை என்று அச்சேறிய ஆண்டில், பல்லாவரத்தில் ஒருவர் பலகைக்கு முன் அமர்ந்து காய்களை நகர்த்தத் தொடங்கிவிட்டார்! ‘அக்கிராசனர்’ போய்த் ‘தலைவர்’ வந்தார். ‘விவாகம்’ போய்த் ‘திருமணம்’ வந்தது. ‘உபந்நியாசம்’ ‘சொற்பொழிவு’ ஆயிற்று. ‘நமஸ்காரம்’ ‘வணக்கம்’ ஆயிற்று. மேடை, ஏடு, பள்ளிப் புத்தகம், கட்சி ஆகிய அனைத்தும் இதில் பங்கு கொண்டன. நான் எழுதிக் கொண்டிருக்கும் இந்த நடையே அந்தத் திட்டமிட்ட மாற்றத்தின் விளைவு அன்றோ?

வங்காளத்திலும் இது நிகழ்ந்தது. 1914இல் பிரமத சௌதுரி தொடங்கிய ‘சபுஜ் பத்ர’ என்னும் இதழ், ‘சாது’ நடையை விட்டுப் பேச்சை ஒட்டிய ‘சலித்’ நடையில் எழுதுவதைக் கொள்கையாகக் கொண்டது. தாகூரும் அதில் சேர்ந்தார். இன்று இங்குள்ள நாளேடுகளில் நாம் எழுத்துக் கூட்டிப் படிக்கும் வங்காளம் சலித் நடையே. ‘சாது வினைமுற்று இது, சலித் வினைமுற்று இது’ என்று அமைப்பியலார் அட்டவணை போட்டுக் காட்டுவர். ஆனால் அந்த மாற்றத்தை விளக்க வேண்டுமானால் யார், எப்போது, எவருக்கு எதிராக எழுதினார்கள் என்று கேட்டே தீர வேண்டும். அந்தக் கேள்விக்கு அட்டவணையில் இடம் இல்லை.

பாலத்தின் மேல் நடப்பவர் பாலத்தை மாற்றுவதில்லை என்று பொறியியல் மாணவர் சொல்லக்கூடும். அதுவும் முழு உண்மை அன்று. வழிப்போக்கர் உமிழ்ந்த வெற்றிலை எச்சில் ஹவுரா பாலத்தின் இரும்புத் தொங்குசட்டங்களின் அடியை அரித்ததும், பின்னர் அவற்றுக்குக் கண்ணாடியிழை உறை போட்டதும் செய்தித்தாள்களில் வந்தவையே!

மொழிகள் ஒன்றையொன்று தீண்டுவது பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். வங்காளி ‘சா-டா’ என்கிறார். நாம் ‘டீ-கீ’ என்கிறோம். அவர் ‘கோடா-டோடா’ என்றால் நாம் ‘குதிரை கிதிரை’ என்கிறோம். இத்தகைய எதிரொலிச் சொற்கள் இந்திய மொழிகள் பலவற்றில் இருப்பதை 1926இல் வெளிவந்த தம் பெருநூலில் தொகுத்துக் காட்டியவர் சுநீதி குமார் சட்டர்ஜி. 1890இல் இதே ஹவுராவின் சிப்பூரில் பிறந்தவர் அவர். வேறு வேறு குடும்பத்து மொழிகளுக்கு இப்பழக்கம் பொதுவாக அமைந்தது எப்படி? ஒவ்வொரு மொழியையும் தனித்தனி அமைப்பாகப் பார்ப்பவர் இதனைப் பதிவு செய்யலாம். காரணம் சொல்ல இயலாது. பலநூறு ஆண்டுகள் இருமொழி பேசிய மக்களின் வாழ்வே காரணம். எமனோ 1956இல் இந்தியாவை ஒரே மொழிப்பரப்பு என்று எழுதியது இது போன்ற சான்றுகளைக் கொண்டே. மொழிப்பரப்பு என்ற எண்ணத்தை முதலில் தந்தவர்களுள் ஒருவர் துருபெட்ஸ்காய் என்ற அமைப்பியலாரே என்பதையும் மறைக்கக் கூடாது.

பண்பாட்டுக்கு வரும்போது குறை இன்னும் பெரிதாகிறது. இங்கே தொல்லை எழுத்துக்கு அன்று, மனிதர்க்கு.

பிரெஞ்சு அறிஞர் லெவி-ஸ்ட்ராஸ் 1949இல் உறவுமுறை பற்றிய தம் நூலை வெளியிட்டார். குடிகள் ஒன்றுக்கொன்று பெண் கொடுத்துப் பெண் எடுப்பதை ஒருவகைச் செய்திப் பரிமாற்றமாகக் கண்டார் அவர். அதே ஆண்டில் லூயி டூமோன் என்ற மற்றொரு பிரெஞ்சு அறிஞர் தமிழ்நாட்டுக்கு வந்து, மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்தார். 1953இல் அவர் எழுதிய கட்டுரை திராவிட உறவுச்சொற்களைப் பற்றியது. மாமன் என்பவர் தாயின் உடன்பிறந்தவர் என்பதைவிட, தந்தைக்குச் சம்பந்தக்காரர் என்பதே முதன்மை என்றார். உறவினர் அனைவரும் பங்காளிகள் என்றும் மாமன்-மச்சான் என்றும் இரு பாலாகப் பிரிவர். திருமணமே இந்தச் சொற்களின் உட்பொருள். நம் வீட்டில் இருந்தும் நம் கண்ணுக்குப் படாத ஒன்றை அவர் கண்டார் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் மூன்று கேள்விகள் எழுகின்றன. தமிழ்நாட்டில் அக்காள் மகளை மணக்கும் வழக்கம் பல குடிகளில் உண்டு. அப்படி மணந்தால் அக்காளே மாமியார் ஆகிவிடுகிறாள், தலைமுறைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன, அட்டவணை குழம்புகிறது. ஆனால் அந்த வீட்டில் எவரும் குழம்புவதில்லை. யாரை எப்படி அழைப்பது என்று அன்றாடம் பேசி முடித்துக் கொள்கின்றனர். அடுத்து, இரண்டு தலைமுறையாகச் சொந்தத்தில் மணமே செய்யாத குடும்பங்கள் இன்று எத்தனையோ. அங்கும் மாமா மாமாவே. காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் வந்தே தீரும். திருமணம் போன பின்னும் சொல்லும் சீரும் நிற்கின்றன என்றால், திருமணம் ஒன்றே அவற்றின் பொருள் என்பது எங்ஙனம் பொருந்தும்?

மூன்றாவது கேள்வி பெண்ணைப் பற்றியது. அட்டவணையில் அவள் ஒரு குறி. இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்குச் செல்பவள். தம் நூலின் முடிவில், பெண் வெறும் குறி ஆகமாட்டாள், அவளும் பேசுகின்ற ஆள் என்று லெவி-ஸ்ட்ராஸே ஒப்புக்கொண்டார். ஆனால் அந்த ஒப்புதல் அட்டவணையை ஒரு கோடும் மாற்றவில்லை. நம் ஊர்களில் ‘முறைப்பெண்’ என்ற சொல் என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியும். ‘முறை’ என்பது ஆய்வாளர்க்கு விதி; மாமன் மகனுக்கு உரிமை; மேலே படிக்க வேண்டும் என்னும் பெண்ணுக்கு மிரட்டல். ஒரே சொல் மூவர்க்கும் மூன்று வகையில் பயன்படுகிறது. இதனை ஆராயாமல் விதியை மட்டும் எழுதினால், வீட்டில் எவர் குரல் உயர்ந்ததோ அவர் குரலையே ‘தமிழர் பண்பாட்டு அமைப்பு’ என்று எழுதியதாகும். அமைப்பியல் மீது எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுவே. தமிழ்க் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து 1990இல் நூல் எழுதிய மார்கரெட் டிராவிக், இந்த முறை நிற்பது பரிமாற்றம் நிறைவேறுவதால் அன்று. நிறைவேறாத ஏக்கங்களாலும் என்று காட்டினார். தாய்க்குப் பிறந்த வீட்டின்மீது உள்ள பாசம், உடன்பிறந்தானை விட்டுப் பிரிந்த துயர், தன் மகளையாவது அங்கே அனுப்பவேண்டும் என்ற ஆசை ஆகியவற்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தத்துவ வகையில் இக்கொள்கையைத் தாக்கியவர் டெரிடா. அவருடைய பெருநூலை 1976இல் ஆங்கிலத்தில் தந்தவர் கல்கத்தாவில் பிறந்த காயத்ரி ஸ்பிவாக். அந்த விவாதம் பெரிது; அது தனிக் கட்டுரைக்கு உரியது.

எனக்கு இப்போது வேண்டியது சான்று. விடுமுறைக்குச் சென்னை மெயிலில் ஊர் செல்லும் அன்பர்கள் ஒரு சிறு வேலை செய்ய வேண்டும். தத்தம் வீட்டில் யார் யாரை ‘மாமா’ என்று அழைக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறியுங்கள். உறவினரல்லாதவர், பக்கத்து வீட்டுக்காரர், தந்தையின் நண்பர் எவராயினும் விடாதீர்கள். முன்பு அப்படி அழைத்து இப்போது ‘அங்கிள்’ ஆகிவிட்டவர்களையும், எப்போது மாறினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் வீட்டுப் பிள்ளைகள், அண்ணனைத் ‘தாதா’ என்றும் பாட்டனைத் ‘தாத்தா’ என்றும் ஒரே மூச்சில் அழைப்பதைக் கேட்டால் அதையும் குறித்துக் கொள்ளுங்கள். தாள்களை மன்றத்தில் சேர்ப்பித்தால் அடுத்த மலரில் வெளியிட ஆவன செய்கிறேன்.