ஹியர்பை: ஒரு சின்னச் சொல்

போன வாரம் அம்மா ஒரு கடன் பாரத்தைக் கொண்டு வந்து, "இதுல என்னடி போட்டிருக்கு?" என்று கேட்டாங்க. முதல் வரி 'ஐ ஹியர்பை அக்ரீ'. நடுச்சொல் எனக்குத் தெரியவில்லை. அகராதியில் 'இதன் மூலம்' என்று இருந்தது. அப்பவும் புரியல. ஆங்கில டீச்சர்தான் விளக்கினாங்க.

சொல்வதாலேயே ஒரு காரியம் நடந்துவிடுகிறது என்றால்தான் இந்த வினையுரிச்சொல் வரும். வாக்குத் தருகிறேன், சம்மதிக்கிறேன், ராஜினாமா செய்கிறேன் என்பவற்றோடு சேரும். சாப்பிடுகிறேன் என்பதோடு சேராது. சொன்னா வயிறு நிறைஞ்சிடுமா என்ன!

நம் அரசியலமைப்பின் முகவுரையிலும் இச்சொல் பெரிய எழுத்தில் இருக்கிறது. 1949 நவம்பர் 26 அன்று, மக்களாகிய நாமே அதை ஏற்று நமக்கு வழங்கிக்கொண்ட இடத்தில்! அதன் வரைவுக் குழுவில் இருந்தவர்களில் மயிலாப்பூர் வக்கீல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் ஒருவர். டி.டி.கிருஷ்ணமாச்சாரி இன்னொருவர். டி.டி.கே. சாலை என்கிறோமே, அது அவர் பெயர்தான்.

வீட்டுக்குப் போய், "அம்மா, கையெழுத்துப் போட்ட அந்த நிமிஷமே எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டதா ஆயிடும்" என்றேன். அம்மா பேனாவை மூடிட்டாங்க.

"அப்போ கீழே இருக்கிறதை எல்லாம் முதல்ல படிச்சுச் சொல்லு."

மொத்தம் மூன்று பக்கம். இரண்டாவது பக்கத்தில் இருக்கிறோம்.